பிளஸ் 1 பொதுத்தேர்வு போயாச்சு... இனி அந்தப் பாடத்தை யார் படிக்க வைப்பது?

பத்தாவதில் ஒரு பப்ளிக், பன்னிரண்டாவதில் ஒரு பப்ளிக், நடுவில் ஒரு வருஷம் ரெஸ்ட். 2017-க்கு முன்னால் தமிழ்நாட்டில் பிளஸ் 1 படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 'ரெஸ்ட்' என்பதுகூட முழு உண்மை இல்லை. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் 1 புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, நேராக பிளஸ் 2 பாடத்துக்குத் தாவிவிடுவார்கள். ஒரே பாடத்தை இரண்டு வருஷம் திருப்பித் திருப்பிப் படித்தால் சென்டம் வராமல் எங்கே போகும்?

அந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போடத்தான் பிளஸ் 1 பொதுத்தேர்வு வந்தது. இப்போது அது போய்விட்டது. 2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அதையொட்டி, 2025-26 கல்வியாண்டிலிருந்தே பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு கிடையாது, பள்ளி அளவில் ஆண்டு இறுதித் தேர்வு மட்டும்தான் என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டு பிளஸ் 1 படித்தவர்கள்தான் முதல் பேட்ச். 2027-ல் அவர்கள் பிளஸ் 2 எழுத வேண்டும்.

மாணவர்கள் மட்டத்தில் இது நிம்மதியான செய்தி. 15 வயதிலிருந்து 17 வயதுக்குள் வரிசையாக மூன்று பொதுத்தேர்வு என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொதுத்தேர்வு போன இடத்தில் என்ன வரப்போகிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. வீட்டில் தம்பியோ தங்கையோ பிளஸ் 1-ல் இருந்தால் இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏன் வந்தது, ஏன் பாதியில் சோர்ந்துபோனது?

2017-ல் அறிவிப்பு, 2018 மார்ச்சில் முதல் தேர்வு. அதே 2017-ல்தான் தமிழ்நாட்டு மாணவர்கள் மருத்துவப் படிப்புக்கு நீட் எழுதியே ஆக வேண்டும் என்ற நிலையும் வந்தது. நீட் தேர்வின் 180 கேள்விகள் இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் வருகின்றன. பிளஸ் 1 புத்தகத்தைத் திறக்காமலேயே பிளஸ் 2-வில் 1,200-க்கு 1,150 எடுத்த மாணவர் அந்தக் கேள்வித்தாளின் முன் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் போட்ட திட்டம் தெளிவாக இருந்தது. பிளஸ் 1-க்கு 600, பிளஸ் 2-வுக்கு 600, இரண்டும் சேர்ந்து 1,200. கேரளாவிலும் ஆந்திராவிலும் இப்படித்தான் இரண்டு வருஷ மதிப்பெண்ணும் சேர்ந்து மொத்தக் கணக்கு வரும். ஆனால் 2018-லேயே தமிழ்நாட்டில் பிரேக் போட்டார்கள். உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் 2 மதிப்பெண் மட்டும் போதும் என்று முடிவானது. அன்றைக்கே இந்தத் தேர்வின் பாதி உயிர் போய்விட்டது. தேர்வு எழுத வேண்டும், பாஸ் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிளஸ் 2 படிக்கும்போது அரியர் சுமக்க வேண்டும். ஆனால் நன்றாக எழுதினாலும் இன்ஜினீயரிங் கட்-ஆஃப்பில் அரை மார்க்கூட ஏறாது. தோற்றால் தண்டனை உண்டு, ஜெயித்தால் பரிசு இல்லை. இப்படி ஒரு தேர்வை மாணவர்கள் எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்வார்கள்?

அந்த மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு முறை பெரிய வேலை வந்தது. 2021-ல் கொரோனாவால் பிளஸ் 2 தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் 1-லிருந்து 20 சதவீதம், பிளஸ் 2 செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று எடுத்து மதிப்பெண் போட்டார்கள்.

பிளஸ் 1 பாடத்தை விட்டால் எங்கே இடிக்கும்?

எல்லாப் பாடத்திலும் ஒரே மாதிரி இடிக்காது. இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

கணக்குப் பாடத்தில் இது நேரடியாகத் தெரியும். பிளஸ் 2 கணிதப் புத்தகத்தின் பொருளடக்கத்தைத் திறந்தால், பல பாடங்களின் தலைப்பிலேயே 'பயன்பாடுகள்' என்ற சொல் இருக்கும்: அணிகளின் பயன்பாடு, வெக்டர் பயன்பாடு, வகை நுண்கணிதப் பயன்பாடு, தொகை நுண்கணிதப் பயன்பாடு. எதைப் பயன்படுத்துவது? பிளஸ் 1-ல் நடத்திய அணி, வெக்டர், டிஃபரன்சியேஷன், இன்டெக்ரேஷன் ஆகியவற்றைத்தான். அடித்தளம் ஒரு புத்தகத்தில், மாடி இன்னொரு புத்தகத்தில்.

இயற்பியலில் இந்தத் தொடர்பு கொஞ்சம் மறைந்திருக்கும். பிளஸ் 2 நிலைமின்னியலும் காந்தவியலும் புதுப் பாடம் போலத் தெரியும். ஆனால் காந்தப்புலத்தில் எலக்ட்ரான் ஏன் வட்டமாகச் சுற்றுகிறது என்று புரிய, பிளஸ் 1-ல் வந்த மையநோக்கு விசை தெரிய வேண்டும். அலை ஒளியியலுக்குப் பின்னால் பிளஸ் 1-ன் 'அலைகள்' பாடம் நிற்கிறது. மனப்பாடம் செய்து பிளஸ் 2 தேர்வைத் தாண்டிவிடலாம். அதற்குப் பிறகுதான் சிக்கல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் இன்ஜினீயரிங் பிசிக்ஸ் எதில் தொடங்குகிறது தெரியுமா? மெக்கானிக்ஸில். அதே செமஸ்டரின் கணிதத் தாளுக்குப் பெயர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'. பிளஸ் 1-ல் தாண்டிக் குதித்தவை மொத்தமும் அரியர் வடிவில் வாசலில் வந்து நிற்கும். இன்ஜினீயரிங் முடித்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வேதியியலில் மோல் கணக்கும் கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடும் முறையும் பிளஸ் 1 சமாச்சாரம். அவை இல்லாமல் பிளஸ் 2 கரிம வேதியியல் வெறும் எழுத்துக் குவியல்தான்.

காமர்ஸ் குரூப் பக்கம் இந்தப் பேச்சு அதிகம் போவதில்லை. அங்கேயும் அதே கதைதான். பிளஸ் 1 கணக்குப்பதிவியலில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு. பிளஸ் 2-வில் கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல், நிறுமக் கணக்கு. எது டெபிட், எது கிரெடிட் என்று கை தானாக எழுதாத மாணவருக்குக் கூட்டாண்மைக் கணக்கில் நற்பெயர் சரிக்கட்டும் இடத்திலேயே மூச்சு முட்டிவிடும். பிளஸ் 1-ல் நூறு குறிப்பேட்டுப் பதிவு போட்டுப் பழகியவருக்கு அது இன்னொரு பதிவு, அவ்வளவுதான்.

உயிரியல் வேறு ரகம். செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு மண்டலம் எல்லாம் பிளஸ் 1. இனப்பெருக்கம், மரபியல், சூழலியல் எல்லாம் பிளஸ் 2. முன்னது தெரியாவிட்டாலும் பின்னதைப் பெரும்பாலும் படித்துவிடலாம். அதனாலேயே பிளஸ் 2 முழுவதும் யாரும் பிளஸ் 1 விலங்கியலைத் தொட மாட்டார்கள். நீட்டுக்கு ஒரு மாதம் முன்பு எடுத்துப் பார்த்தால், சிறுநீரகப் படத்தில் ஒரு பாகத்தின் பெயரும் ஞாபகம் இருக்காது. கணக்கில் அடித்தளம் இல்லாமல் போவது பிரச்சினை. இங்கே மறந்துபோவதுதான் பிரச்சினை.

மொழிப் பாடங்களுக்கு இந்தக் கவலை குறைவு. கணினி அறிவியலில் பிளஸ் 1-ல் சி பிளஸ் பிளஸ், பிளஸ் 2-வில் பைத்தான். மொழி மாறினாலும் லூப் எப்படிச் சுற்றும் என்ற புரிதல் கூடவே வரும்.

தேர்வு என்பது அளவுகோல் மட்டும்தானா?

நம் வீடுகளில் 'படிக்கிறான்' என்றால், புத்தகத்தைத் திறந்து வைத்து மூன்றாவது, நான்காவது தடவை வாசிக்கிறான் என்றுதான் அர்த்தம். கூடவே மஞ்சள் ஹைலைட்டர். இதில் எவ்வளவு மண்டையில் நிற்கும் என்பதை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னிலை: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். நான்கு முறை படித்தவர்கள் 40, நினைவிலிருந்து எழுதியவர்கள் 61.

அதாவது டெஸ்ட் என்பது படித்ததை அளக்கும் கருவி மட்டுமல்ல. டெஸ்ட் எழுதுவதே ஒரு படிப்பு. இந்த ஆய்வில் மார்க் லிஸ்ட் கிடையாது, ரேங்க் கிடையாது, பெற்றோர் கையெழுத்தும் கிடையாது. ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதியதே வேலையைச் செய்திருக்கிறது.

கணக்குக்கும் இதுபோல ஒன்று உண்டு. ரோரர், டெய்லர் இருவரும் 2007-ல் கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவு காணும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். வகைகளைக் கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20, இரண்டாவது குழு 63. நம் 'பயிற்சி 5.1' முழுக்க ஒரே மாதிரிக் கணக்குகள் இருப்பதை இதோடு பொருத்திப் பார்க்கலாம். எந்த ஃபார்முலா போட வேண்டும் என்று கேள்வியே காட்டிக் கொடுத்துவிடுகிறது. பொதுத்தேர்வுத் தாளில் அந்த உதவி இருக்காது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், பிளஸ் 1 பொதுத்தேர்வு தப்பான அளவில் வந்த சரியான மருந்து. வருஷம் முழுக்கச் சின்னச் சின்னதாகக் கொடுக்க வேண்டியதை மார்ச் மாதம் ஒரே டோஸாகக் கொடுத்தார்கள். பயம் வந்தது, ஞாபகம் நிற்கவில்லை. ரத்து செய்தது நியாயம்தான். ஆனால் மருந்தையே நிறுத்திவிட்டு, நோய் தானாகப் போய்விடும் என்று இருந்துவிட முடியாது. சிபிஎஸ்இ-யில் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு இல்லையே, அங்கே மட்டும் எப்படி என்று கேட்கலாம். அங்கே ஜேஇஇ, நீட்டுக்குத் தயாராகிறவர்களைக் கோச்சிங் மையங்களின் வாராந்தர டெஸ்ட்டுகள் இரண்டு வருஷமும் பிடித்துவைக்கின்றன. அதற்குப் பணம் வேண்டும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வேலையைப் பொதுத்தேர்வுதான் ஓரளவு செய்துகொண்டிருந்தது.

பள்ளிகள் செய்யக்கூடியது பெரிய கம்பசூத்திரம் இல்லை. பிளஸ் 2 காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் டெஸ்ட் எல்லாம் எப்படியும் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்து மார்க்குக்கு பிளஸ் 1 பாடத்திலிருந்து கேட்டாலே போதும், புத்தகம் மூட்டை கட்டப்படாது. பிளஸ் 2 பொதுத்தேர்வுத் தாளிலேயே அடிப்படையைச் சோதிக்கும் கேள்விகள் கூடினால் இன்னும் நல்லது. பிளஸ் 1-ல் ஜனவரிக்குப் பிறகு எந்தப் பாடம் நடத்தப்படுகிறது என்பதைக் கல்வி அதிகாரிகள் வகுப்புக்குள் போய்ப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை வெளியே வந்துவிடும். எடுத்ததும் பிளஸ் 2 பாடத்துக்குத் தாவும் பள்ளிகள் 2017-க்குப் பிறகு திருந்திவிட்டன என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. பிளஸ் 2 படிக்கும் பிள்ளை வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், பிளஸ் 1 பாடத்திலிருந்து கலந்துகட்டி பத்துக் கேள்விக்குப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்க்கட்டும். இயற்பியலில் இரண்டு, கணக்கில் மூன்று, மீதி அவரவர் குரூப்புக்குத் தக்கபடி. தப்பானதை மட்டும் புத்தகத்தில் தேடிப் படித்தால் போதும். மதிப்பெண் போட வேண்டாம். 'எவ்ளோ வந்துச்சு?' என்று கேட்கவும் வேண்டாம்.

பிளஸ் 1 புத்தகங்களை மே மாதமே பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள், தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும், இணையத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கின்றன.