நேற்றிரவு போட்ட குளிசை

இந்த மாதம் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1977 கலவரத்தில் இரத்தினபுரித் தோட்டத்திலிருந்து வவுனியாவுக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு நான் நிவித்திகலையில் இருக்கும் மாமாவிடமே திரும்பி வந்தேன். இரவில் தூக்கம் வராததால் எனக்கு டயஸிபாம் எழுதித் தந்திருந்தார்கள். உங்களில் பலருக்கும் அது தெரிந்த குளிசைதான்.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னும் ஆட்டோ ஓட்டுகிறார். அத்தை போன பிறகு அவருக்கும் தூக்கமில்லை. "எனக்கும் ஒன்னு குடு புள்ள" என்றார். பாவமாக இருந்தது, கொடுத்தேன். நாலு இரவு தொடர்ந்து கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலை என்னைக் கிளினிக்குக்கு ஏற்றிப் போகும்போது, வளைவில் ஆட்டோ திரும்பாமல் நேரே கானுக்குள் இறங்கியது. எனக்கு முழங்கையில் உரசல், அவருக்கு நெற்றியில் மூன்று தையல். "நான் கண்ண மூடவே இல்ல புள்ள" என்றார். அவர் பொய் சொல்லுகிற மனிதரல்ல.

டாக்டர்தான் பிறகு விளங்கப்படுத்தினார். போட்ட டயஸிபாமில் பாதி உடம்பை விட்டுப் போக இளவயதில் ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுக்கும். எண்பது வயதில் அது 90 மணித்தியாலம் வரை நீளும். நேற்றையது போகுமுன்னே இன்றையதும் வந்து சேருகிறது. நித்திரை வருவதே தெரியாது, பிறேக்கில் கால் வைப்பதுதான் பிந்தும்.

தடிமனுக்குக் கொடுக்கும் பிரிட்டோனும், அமிட்ரிப்டிலினும் இப்படி மந்தமாக்கக்கூடியவைதான். சீனி வருத்தத்துக்கான சில குளிசைகளில் வேறு ஆபத்து இருக்கிறது. போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஓட்டினால் வியர்த்து, கை நடுங்கி, புத்தி தடுமாறும். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போகும் நாளில் குளிசையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இலகு வாகன அனுமதிப்பத்திரத்துக்கு ஒருமுறை வைத்தியச் சான்றிதழ் கொடுத்தால் 8 வருடம் செல்லும். இடையில் புது மருந்து தொடங்கினால் யார் வந்து கேட்கிறார்கள்? மருந்து உறையிலும் பெரும்பாலும் சிங்களம் அல்லது ஆங்கிலம். அதனால் வாயைத் திறந்து கேளுங்கள்: "இவர் வாகனம் ஓட்டுகிறவர், இது தூக்கம் வரப்பண்ணுமா?" பயந்துபோய் நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். நெடுநாள் போட்ட டயஸிபாமைத் திடீரென்று விட்டால் வலிப்புக்கூட வரலாம்.

என் குளிசைகளை இப்போது பெட்டியில் பூட்டி வைக்கிறேன். கிளினிக் நாளில் இருவரும் பஸ்ஸில்தான் போகிறோம். மாமா முன் சீட்டில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் டிரைவருக்கும் சேர்த்துத் தானும் காலை அழுத்துகிறார்.