நன்னீரில் ஒரு சொறிமுட்டை

சொறிமுட்டை கடலுக்கே உரியது என்று எண்ணுவோர் பலர். கரைவலையில் அகப்பட்டு மணலிற் கிடக்கும் அக்கொழகொழத்த உடலைக் கண்டவர்க்கு வேறுவிதமாக எண்ணத் தோன்றாது. எனினும், உப்பின் சுவையையே அறியாது குளங்களிலும் ஏரிகளிலும் வாழும் சொறிமுட்டை ஒன்றுண்டு. விலங்கியலார் அதனைக் 'கிரஸ்பெடகஸ்ரா சவர்பியை' என்பர்.

1880ஆம் ஆண்டு யூன் மாதம் இலண்டன் மாநகரின் றீஜன்ற் பூங்காவிலே, விக்டோரியா என்னும் பேரல்லி வளர்க்கப்பட்ட இளஞ்சூட்டு நீர்த்தொட்டியில் சிறு கண்ணாடிக் குடைகள் போன்றவை நீந்தக் கண்டார் வில்லியம் சவர்பி என்பவர். றே லங்கஸ்ரர், ஆல்மன் என்னும் இரு பேரறிஞரும் அவ்வுயிருக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டினர். பெயர் சூட்டும் போட்டி அறிஞரிடையேயும் உண்டு போலும்! லங்கஸ்ரர் இட்ட பெயரே நிலைத்தது. அல்லியின் தாயகம் தென்னமெரிக்கா ஆதலின் இதுவும் அங்கிருந்தே வந்திருக்கும் என்று அக்காலத்தார் ஊகித்தனர். சீனத்து யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கே இதன் பிறப்பிடம் என்பது இன்றைய கொள்கை.

1885இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரருகே எட்வர்ட் பொற்ஸ் என்பவர் ஓர் ஓடையிலிருந்து மிக நுண்ணிய உயிரொன்றைக் கண்டெடுத்தார். அதன் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். கல்லில் ஒட்டிக்கொண்டிருந்த அதற்குப் பரிசக்கொம்புகள்கூட இல்லை. அதற்கு வேறொரு பெயர் வழங்கிற்று. இலண்டன் தொட்டியில் நீந்திய குடையும் இந்தக் குறுந்தண்டும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பது பல்லாண்டுகள் சென்ற பின்னரே தெளிவாயிற்று.

இக்குறுந்தண்டைப் பொலிப்பு என்போம். அதன் பக்கத்தில் அரும்பும் மொட்டுகளுட் சில புழுப்போல் நீண்டு, கழன்று, மெல்ல ஊர்ந்து சென்று புதிய பொலிப்புகளாகும். கோடையில் நீர் நன்கு சூடேறும்போது வேறுசில மொட்டுகள் குடை வடிவாகி நீந்திப் புறப்படும். புறப்படுகையில் எட்டுப் பரிசக்கொம்புகளே இருக்கும். வளர்ந்தபின் சில நூறு. முழு வளர்ச்சியிலும் குடையின் அகலம் இரண்டரைச் சதமமீற்றரைத் தாண்டுவது அரிது. நீர்த்தெள்ளு முதலிய சிற்றுயிர்களைக் கொட்டி உண்ணும். நம் தோலைத் துளைக்கும் வலிமை பொதுவாக அதற்கில்லை. பிள்ளைகள் அஞ்ச வேண்டுவதில்லை.

குடைப் பருவத்தின் வேலை முட்டையும் விந்தும் ஈனுதல். ஆயினும், பல ஏரிகளில் நீந்துபவை யாவும் ஆணாகவே இருக்கும். அன்றேல் யாவும் பெண்ணாகவே இருக்கும். ஒரே பொலிப்பின் வழிவந்தவையாதலே இதற்குக் காரணம் எனக் கருதுவர். ஆயிரக்கணக்கில் தோன்றிய குடைகள் துணை காணாமலே சில வாரங்களில் மடிந்து போகின்றன. மறு கோடையில் ஒன்றேனும் தென்படாது. ஏரியை விட்டே அவை ஒழிந்தன என்று ஊரார் எண்ணுவர்.

அடியிலே பொலிப்பு இருக்கிறது. நீர் குளிர்ந்தால் அது சுருங்கி உறையிட்ட சிறு உருண்டையாகி உறங்கும். நீர்த்தாவரங்களோடும் வளர்ப்பு மீன்களோடும் ஒட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு செல்லவும் அவ்வுருண்டைக்கு இயலும். அந்தாட்டிக்கா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இவ்வுயிர் இன்று காணப்படுவது அவ்வாறுதான். வெப்பமும் இரையும் வாய்க்கும்போது உருண்டை மீண்டும் பொலிப்பாகும். பல்லாண்டு வெறுமையாகக் கிடந்த ஏரியில் ஒருநாட் காலை குடைகள் நிறைந்திருக்கும்.