தலையில் களிமண்ணா? கையில் கொடுங்கள்!



"உன் தலையில் என்ன, களிமண்ணா இருக்கிறது?"

இந்த ஏச்சை ஒருமுறையேனும் கேளாமல் பள்ளிப் படிப்பை முடித்தவர் நம்மில் மிகச் சிலரே. நானும் கேட்டிருக்கிறேன். அதைவிட வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஏழாம் வாய்பாடு வராமல் விழித்த மாணவன் ஒருவனைப் பார்த்து நானும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் கலைக்கல்விப் பாடத்தில் ஆளுக்கோர் உருண்டை களிமண் கொடுத்தேன். மற்றவர்கள் பாம்பும் பந்தும் உருட்டிக்கொண்டிருக்க, அவன் ஒரு பசுவைச் செய்து என் மேசைமேல் வைத்தான். படுத்திருக்கும் பசு. முன்னங்கால்கள் மடங்கியிருந்தன, கழுத்தைத் திருப்பித் தன் முதுகைத் தானே நக்கிக்கொண்டிருந்தது. அவன் வீட்டில் மாடு வளர்க்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த ஏச்சை அன்றோடு விட்டுவிட்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தப் பசு மீண்டும் நினைவுக்கு வந்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு தாயின் கேள்வி

எனக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று தம் இரு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறது. மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு ஆறு. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வியமைச்சரிடம் விலக்குப் பெறவேண்டும். 2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, இந்த வழியைப் பற்றி விசாரிக்கும் பெற்றோரை நான் கூடுதலாகவே காண்கிறேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்டு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று பெயர் வாங்கிய தமிழ்ப்பள்ளிகள் எத்தனை! ஒரு பிள்ளை வராவிட்டாலும் நமக்கு அது இழப்பே. ஆகவே, அந்தத் தாய் என்னை வீட்டுக்கு அழைத்தபோது அரை மனத்தோடுதான் போனேன்.

"டீச்சர், பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான் போகுது. தமிழ் விட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு. நல்ல பயிற்சிப் புத்தகமா ஒன்னு சொல்லுங்களேன்," என்றார்.

பிள்ளைகளின் மேசையைப் பார்த்தேன். பயிற்றித்தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன. வாங்கிய தமிழ்ப் பயிற்சி நூல்களும் இரண்டு கிடந்தன. இரண்டிலும் முதல் நான்கு பக்கங்களுக்குமேல் எழுத்தில்லை. "புத்தகம் வேண்டாம். கலைப்பொருள் கடையில் ஒரு பொட்டலம் களிமண் வாங்குங்கள்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அது விளையாட்டுதானே டீச்சர்?"

அன்று நின்றவாறே சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதைத்தான் இங்கு விரித்து எழுதுகிறேன்.

ஆசிரியர்கள் கண்ட மண்

களிமண்ணைக் கல்விக்குள் கொண்டுவந்தவர்கள் விளையாட்டுப் பொருள் வணிகர்கள் அல்லர், ஆசிரியர்கள். 1837-இல் செருமனியில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'குழந்தைத் தோட்டம்' என்று பெயரிட்ட பிரெடரிக் புரோபல், தம் கைவேலைப் பயிற்சிகளில் களிமண்ணுக்கும் இடமளித்தார். நாம் கடைகளில் காணும் பிளாஸ்டிசினை 1897-இல் உருவாக்கிய வில்லியம் ஹார்பட்டும் இங்கிலாந்தின் பாத் நகரில் கலை கற்பித்த ஆசிரியரே. மாணவர் கையில் மண் விரைவில் காய்ந்துபோவதைக் கண்டு, காயாத ஒன்றைச் செய்தார்.

முதலாம் ஆண்டு வகுப்பில் நிற்கும் எவருக்கும் இதன் தேவை புரியும். திரையை விரலால் தள்ளத் தெரிந்த பிள்ளைக்குப் பென்சிலை அழுத்திப் பிடிக்க வலுவில்லை. ஐந்து வரி எழுதியதும் கையை உதறுகிறது. நாம் அதைச் சோம்பல் என்கிறோம். மண்ணைப் பிசைந்தும் கிள்ளியும் பழகிய விரல், எழுதுவதற்கு முன்பே எழுதத் தயாராகிவிடுகிறது.

ஆனால், நான் களிமண்ணைப் பரிந்துரைத்ததற்கு விரல் வலிமை மட்டும் காரணமன்று.

கைக்குள் இருக்கும் தமிழ்

முதல் நாள் மேசையில் நெகிழித்தாளை விரித்து, மண்ணை வைத்தோம். "என்ன செய்கிறாய்?" என்று இளையவனைக் கேட்டேன். "மண்ணைப் பிரஸ் பண்றேன்," என்றான். உருட்டினாலும் பிரஸ், கிள்ளினாலும் பிரஸ், தடவினாலும் பிரஸ்! அந்த மேசையில் ஒரே ஒரு வினைச்சொல்தான் இருந்தது. அதுவும் தமிழன்று.

எண்ணிப் பாருங்கள். பிசைதல், குழைத்தல், திரட்டுதல், உருட்டுதல், தட்டுதல், கிள்ளுதல், நீவுதல், வழித்தல், அப்புதல், வனைதல். ஒவ்வொன்றும் கையின் வெவ்வேறு அசைவு. பயிற்றித்தாளில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று கொடுத்தால் இவை வெறும் விடைகள். மண்ணில் கை இருக்கும்போது சொன்னால், சொல்லும் செயலும் சேர்ந்தே உள்ளே போகும். மனனம் செய்யத் தேவையில்லை.

இரண்டாம் வாரம் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த வீட்டில் பிள்ளைகளின் பாட்டி இருக்கிறார். தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர். பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால், படிப்பு நேரத்தில் தமக்கு வேலையில்லை என்று அறைக்குள்ளேயே இருப்பார். அன்று வெளியே வந்து சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு, "தண்ணி கூடிப்போச்சுடா, இன்னும் கொஞ்சம் பிசையணும்," என்று சொல்லி உட்கார்ந்தார். தோட்டத்தில் இருந்த காலத்தில் புற்றுமண்ணைக் குழைத்துத் தம் கையாலேயே அடுப்புப் போட்ட கதையைச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், உள்ளங்கை அகலத்தில் மூன்று குமிழ் வைத்த அடுப்பொன்றைச் செய்தும் காட்டினார்.

அன்றிலிருந்து அந்த மேசைக்கு ஆசிரியர் நானல்லேன், பாட்டிதான். பேரன் வாயில் 'குமிழ்' என்ற சொல் வந்தது. 'மெழுகுதல்' வந்தது. ஒரு மாதத்தில், "பாட்டி, யானைக்குக் காது பிய்ஞ்சு போச்சு, கொஞ்சம் அப்பிவிடுங்க," என்று அவன் சொல்லக் கேட்டேன். எந்தப் பயிற்சி நூல் இந்த வாக்கியத்தைக் கொடுத்திருக்கும்?

வீட்டுக்கல்வி பெறும் தமிழ்ப் பிள்ளைக்குப் பள்ளியின் தமிழ்ச் சூழல் கிடைப்பதில்லை. ஆனால், பல வீடுகளில் தமிழ் ஓர் அறைக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே அழைத்து வர ஏதேனும் ஒரு வேலை வேண்டும். களிமண் அந்த வேலை. ஆகவே, வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: களிமண் வேலையைக் கலைப்பாட நேரத்தில் போடாதீர்கள்; தமிழ்ப்பாட நேரத்தில் போடுங்கள்.

மூன்று வேலைகள்

எளிதான மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, கிள்ளிச் செய்யும் அகல்விளக்கு. எலுமிச்சம்பழ அளவு உருண்டையில் பெருவிரலை அழுத்திக் குழிசெய்து, சுற்றிச் சுற்றிக் கிள்ளிச் சுவரை மெல்லியதாக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையாலும் முடியும்.

இரண்டு, திரித்துச் செய்யும் எழுத்து. மண்ணைப் பென்சில் பருமனில் கயிறாக உருட்டி, அதை வளைத்து எழுத்தாக்குதல். தமிழ் எழுத்துகளின் வளைவுகளுக்கு இது மிகவும் பொருந்தும். மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' என்று வகுப்பில் ஆண்டுக்கணக்கில் கத்துகிறோம். மண்கயிற்றை மூன்று முறை சுழித்த பிள்ளை அதை மறப்பதில்லை. கயிறு போதாமல் போனால், "இன்னொரு சுழி இருக்கே!" என்று தானே கண்டுபிடிக்கிறது. ல, ள, ழ மூன்றையும் செய்து வரிசையாக வைத்து, விரலால் தடவிக்கொண்டே ஒலிக்கச் சொல்லுங்கள்.

மூன்று, கீறி எழுதும் பெயர்ப்பலகை. தட்டையாகத் தட்டிய மண்ணில், கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் தன் பெயரைத் தமிழில் எழுதுதல். கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பானையில் தம் பெயரைக் கீறியவர்களின் வழியில் வந்தவர்கள் நாம் என்று கேட்டதும், மூத்தவள் தன் பெயரை இரண்டாம் முறை அழகாக எழுதினாள்.

கவனிக்க வேண்டியவை

ஆர்வக் கோளாறில் செய்யும் தவறுகள் சில உண்டு.

ஆற்றங்கரையிலோ கால்வாய் ஓரத்திலோ மண்ணைத் தோண்டப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் நம் நாட்டில் அரிதன்று. கடை மண்ணே போதும். மண் கரைத்த வாளியை மூடி வையுங்கள்; இரண்டு நாள் திறந்து கிடந்தால் ஏடிசு கொசு குடியேறிவிடும். கை கழுவிய மண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு, நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். அடியில் தங்கும் மண்ணை மீண்டும் பயன்படுத்தலாம். காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதன்று.

செய்த பொருளைச் சட்டென்று வெயிலில் வைத்தால் வெடிக்கும். மேலே துணி போர்த்தி, நிழலில் பல நாள் மெல்லக் காயவிடுங்கள். விரல் பருமனுக்கு மேல் தடித்த இடங்களை அடிப்பக்கத்திலிருந்து குடைந்துவிடுங்கள். காதும் வாலும் விழாமல் இருக்க, ஒட்டும் இரு பக்கங்களையும் கீறி, குழைத்த மண்சேற்றைப் பூசி அழுத்த வேண்டும். இரண்டும் ஒரே ஈரப்பதத்தில் இருப்பது முக்கியம். 'பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா?' என்று நம் முன்னோர் கேட்டது அனுபவ அறிவு.

வீட்டு அடுமனை அடுப்பில் மண்ணைச் சுட முடியாது. அதன் சூடு 250 பாகையோடு நின்றுவிடும். மண் ஓடாக மாற 600 பாகைக்கு மேல் வேண்டும். சுடாத அகல்விளக்கை ஏற்ற வேண்டாம், அழகுக்கு வையுங்கள். உண்மையான சூளையையும் பானையையும் காட்ட விரும்பினால், மின்மினிக்குப் பெயர்பெற்ற கோலா சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் நம்மவர்கள் பொங்கல் பானை வனைவதைப் பார்க்கலாம். பேராக் கோலாகங்சாரை அடுத்த சாயோங்கில், சூடான கூஜாவை உமியில் இட்டுக் கருமையேற்றும் 'லாபு சாயோங்' மலாய்க் கைவினையைப் பார்க்கலாம். இரண்டும் நம் நாட்டின் செல்வங்களே.

குரங்கே வரட்டும்

பெற்றோர்க்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள். பிள்ளையின் பொருளில் நீங்கள் கை வைக்காதீர்கள். ஒரு நாள் இளையவன் பிள்ளையார் செய்தான். தும்பிக்கை கோணலாக இருந்தது. படம் எடுத்து உறவினருக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசையில், தாய் அதை நேராக்கினார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அந்த வாரம் முழுவதும் மண்ணைத் தொடவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கேலி பேசுகிறோம். ஆறு வயதில் குரங்காகவே முடியட்டுமே! காயாத மண்ணில் தவற்றுக்கு விலையில்லை. நசுக்கித் திரட்டி மீண்டும் தொடங்கலாம். சிவப்பு மையும் மதிப்பெண்ணும் தராத அந்தச் சலுகையை மண்ணாவது தரட்டும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்ட பிறகும், நம் வகுப்பறைகளில் தவறு செய்வதற்குப் பிள்ளைகள் அஞ்சுவது ஒழியவில்லை. இதை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு இன்னொன்றும் வேண்டும்: தோழமை. மூன்று நான்கு குடும்பங்கள் மாதம் இருமுறை ஒரே மேசையில் கூடுங்கள். முடிந்தால் ஒரு தாத்தாவையோ பாட்டியையோ உட்கார வையுங்கள். அருகில் தமிழாசிரியர் இருந்தால் தயங்காமல் அழையுங்கள்.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். தமிழ்ப் பிள்ளையின் முதல் இடம் தமிழ்ப்பள்ளிதான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால், வேறு வழி தேர்ந்த பெற்றோரைக் கோபித்து ஒதுக்குவதால் பள்ளிக்கு ஒரு மாணவரும் கூடப்போவதில்லை; தமிழுக்கு இரு பிள்ளைகள் குறைவார்கள். அவ்வளவே. அவர்களும் நம் பிள்ளைகள்தாம்.

சென்ற வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சன்னலோரம் இரண்டு பெயர்ப்பலகைகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று. எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக இருந்தன. "இது யாருடையது?" என்று கேட்டேன்.

"பாட்டியோடது. நான்தான் எழுதச் சொல்லிக் கொடுத்தேன்," என்றாள் மூத்தவள்.

தோட்டத்தில் பள்ளிக்குப் போகாத பாட்டி, தம் பெயரை மண்ணில் எழுதியிருக்கிறார்!

இனி யாரையும் பார்த்து, "தலையில் களிமண்ணா?" என்று கேட்காதீர்கள். கையில் கொடுத்துப் பாருங்கள்.