டெஸ்ட் ஓடுச்சு, ரிசல்ட் எங்கே? பொள்ளாச்சி பார்த்த டபுள் டெக்கர்

2024 ஏப்ரல் 17. கோவையிலிருந்து பொள்ளாச்சி வழியாக பழனிக்கு ஒரு டபுள் டெக்கர் ரயில் வந்தது. பயணிகள் யாரும் கிடையாது. சோதனை ஓட்டம். ஸ்டேஷன்ல நின்னவங்க எல்லாம் போனை எடுத்து வீடியோ எடுத்தாங்க. அன்னிக்கு நம்ம ஊர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அதுதான்.

அடுத்த நாளும், அடுத்த மாதமும் அந்த வண்டி வழக்கம்போல கோவையிலிருந்தேதான் கிளம்பியது.

எந்த வண்டி இது?

2018 ஜூனில் தொடங்கிய கோவை - பெங்களூரு உதய் எக்ஸ்பிரஸ். முழுக்க ஏசி, ரெண்டு அடுக்கு, உட்கார்ந்து போகும் சீட். அட்டவணைப்படி காலை 5.45க்கு கோவையில் கிளம்பும். இரவு 9 மணிக்குத் திரும்பி வரும். கிட்டத்தட்ட 9 மணி நேரம் கோவையிலேயே நிற்கும். 'நிற்கிற நேரத்தில் பொள்ளாச்சி வரைக்கும் வந்துட்டுப் போகலாமே' என்பதுதான் இங்கே உள்ளவங்க கோரிக்கை.

ஆனைமலையிலிருந்து பெங்களூரு வேலைக்குப் போறவங்களுக்கு இதோட அருமை தெரியும். 5.45 வண்டியைப் பிடிக்கணும்னா முந்தின ராத்திரியே கோவைக்குப் போய் தங்கணும். இல்லன்னா ஆம்னி பஸ்தான்.

எதுக்கு டெஸ்ட்?

வண்டியே ஏற்கெனவே ஓடிட்டிருக்கு, அப்புறம் என்ன சோதனை? இங்கே சோதிக்கப்படுவது வண்டி ஓடப்போகும் பாதைதான்.

சாதாரண பெட்டியைவிட டபுள் டெக்கர் உயரம் அதிகம். மேம்பாலம், நடைமேடைக் கூரை, மேலே போகும் மின்கம்பி எல்லாத்துக்கும் போதுமான இடைவெளி வேணும். கீழடுக்கு தரையோட தாழ்ந்து இருப்பதால், பிளாட்பார ஓரத்தில் உரசாமல் போகுதான்னும் பார்க்கணும். வளைவுகளில் பெட்டி லேசா சாயும்போது இந்த இடைவெளி இன்னும் குறையும். ஒரு இடத்தில் உரசினாலும் விபத்துதான். அதனால் டெஸ்ட் கட்டாயம் வேணும். அதில் அவசரம் காட்டச் சொல்லி யாரும் கேட்கலை.

ரயில்வே பக்க நியாயம்

அதையும் சொல்லிடணும். கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். போக வர கணக்குப் போட்டால் வண்டிக்குக் கிடைக்கும் ஓய்வு 6 மணி நேர அளவுக்குச் சுருங்கும். அதுக்குள்ள கழுவணும், தண்ணி நிரப்பணும், பிரேக் பார்க்கணும். பழனி வரைக்கும்னா இன்னும் சிரமம். நிர்வாகமும் ஒரே கைல இல்லை. கோவை ஜங்ஷன் சேலம் கோட்டம், பொள்ளாச்சி பாலக்காடு கோட்டம், பழனி மதுரை கோட்டம். மூணு பேரும் சேர்ந்து உட்காரணும்.

சாதகமும் இருக்கு. ஈரோடு பக்கமிருந்து வரும் வண்டி கோவை ஜங்ஷன், போத்தனூர் வழியா அப்படியே நேரா பொள்ளாச்சிக்குப் போகலாம். எஞ்சினை மாத்தி மாட்ட வேண்டிய வேலையே இல்லை. என் கருத்து: பழனி கஷ்டம்னா பொள்ளாச்சியோட நிறுத்துங்க. அதுவே பெரிய விஷயம்.

சென்னையைப் பாருங்க

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கான முதல் டிரைவர் இல்லா ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்தது. 2025 மார்ச்சில் முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டம். அப்புறம் ஆர்டிஎஸ்ஓ சோதனைகள். தாமதம் பற்றி அங்கேயும் புகார் உண்டு. ஆனா எந்தக் கட்டத்தில் இருக்கு, அடுத்து என்னன்னு வெளியே தெரிஞ்சுது. திட்டவும் முடிஞ்சுது, காத்திருக்கவும் முடிஞ்சுது.

நமக்கு அந்த மெட்ரோவும் இப்போதைக்கு இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 20 லட்சம் இல்லைன்னு சொல்லி, 2025 நவம்பரில் கோவை மெட்ரோ திட்ட அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பிடுச்சு. அப்போ கொங்கு மண்டலத்துக்கு மிச்சம் இருப்பது ஏற்கெனவே போட்டிருக்கும் தண்டவாளம்தான். போத்தனூர் - பொள்ளாச்சி அகலப்பாதைக்காகப் பல வருஷம் காத்திருந்து, 2017ல்தான் அது திறந்தது. மின்மயமும் ஆயிடுச்சு. பாதை தயாரா இருக்கும்போது அதில் எந்த வண்டி ஓடும்னு முடிவெடுப்பவங்க, அந்த முடிவுக்கான காரணத்தையும் சொல்லணும்.

என்ன கேட்கலாம்?

மூணே விஷயம். ஒண்ணு, சோதனை ஓட்ட முடிவை ஒரு பக்கமாவது வெளியிடுங்க: பாஸா, ஃபெயிலா, எந்த இடத்தில் இடிக்குது? ரெண்டு, பாஸ்னா எப்போ, ஃபெயில்னா எதைச் சரி பண்ணணும்? மூணு, டபுள் டெக்கர் ஒத்து வராதுன்னா அதே நேரத்துக்குக் கோவையில் இணைப்பு கொடுக்கும் ஒரு மெமு. அதிகாலையில் பொள்ளாச்சியிலிருந்து ஒண்ணு, இரவு 9 மணிக்கு மேல கோவையிலிருந்து ஒண்ணு.

'முடியாது'ன்னு காரணத்தோட சொன்னாக்கூட ஏத்துக்கலாமுங்க. ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போய், பதிலே சொல்லாம இருப்பதுதான் கடுப்பு.