யாருக்குக் கை வலித்தது?

அகமதாபாத்தில் டிசைன் படிக்கிற என் அக்கா பையன் பத்து நாள் லீவில் வந்திருந்தான். வந்தவன் சினிமாவுக்குப் போகவில்லை, பீச்சுக்குப் போகவில்லை. காலை ஏழு மணிக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்தான். என் அம்மா தோசை வார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பசிக்குதாடா கண்ணா?" என்றாள் அம்மா. நாலு தோசை சாப்பிட்டான். மறுபடி நோட்டைத் திறந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"புராஜெக்ட் மாமா. கிச்சனுக்குப் புதுசா ஒரு சாமான் டிசைன் பண்ணணும். கான்செப்ட் தேடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாராவாரம் இந்தப் பக்கத்துக்காக நான் தேடாத கான்செப்ட்டா? "ஈஸிசேர்ல சாய்ஞ்சு, மோட்டுவளையைப் பார்த்து யோசிடா. தானா வரும்" என்றேன். (எனக்குப் பெரும்பாலும் தூக்கம்தான் வரும். அது வேறு விஷயம்.)

"மோட்டுவளையில பல்லிதான் மாமா இருக்கும்" என்றான். பிறகு எனக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

1970-ல் பெர்னார்ட் சாடோ என்று ஒரு அமெரிக்கர். பெட்டி தயாரிக்கிற கம்பெனியில் பெரிய அதிகாரி. விடுமுறை முடிந்து குடும்பத்தோடு திரும்பும்போது, விமான நிலையத்தில் இரண்டு கனமான சூட்கேஸ்களைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு தொழிலாளி, சக்கரம் வைத்த பலகையில் ஒரு பெரிய மெஷினை அலட்சியமாகத் தள்ளிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான். 1972-ல் சக்கரம் வைத்த சூட்கேஸுக்குப் பேட்டன்ட். 1969-லேயே நிலாவில் கால் வைத்தாகிவிட்டது, பெட்டியில் சக்கரம் வைக்க அவருக்கு அதற்கப்புறம்தான் தோன்றியிருக்கிறது!

"தொந்தரவு ஒரு இடத்துல இருக்கும், விடை வேற இடத்துல இருக்கும். ரெண்டையும் பார்க்கற கண்ணு வேணும். அப்புறம் பொறுமை வேணும். வாக்குவம் கிளீனர் பண்ணின டைசன், 5,127-வது மாடல்லதான் ஜெயிச்சார்."

5,126 தடவை தோற்றவரை அவர் மனைவி வீட்டில் வைத்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். அதைச் சொன்னேன். உள்ளேயிருந்து என் மனைவி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

அடுத்து அவன் சொன்ன கதைதான் முக்கியம். சாம் ஃபார்பர் என்பவர் பாத்திரக் கம்பெனி நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பெட்ஸிக்கு விரல்களில் மூட்டுவாதம். சாதாரணத் தகரத் தோல் சீவியைப் பிடிக்க முடியாமல் தவித்தார். சாம் நியூயார்க்கில் ஒரு டிசைன் நிறுவனத்திடம் போனார். அவர்கள் என்னென்னவோ செய்து பார்த்து, கடைசியில் சைக்கிள் ஹேண்டில்பாரின் ரப்பர் பிடியில் வந்து நின்றார்கள். பருமனான, மிருதுவான கறுப்புப் பிடி. விரல் படுகிற இடத்தில் அழுத்தினால் வளைந்து கொடுக்கும் மெல்லிய செதில்கள். 1990-ல் 'ஆக்ஸோ' என்ற பெயரில் கடைக்கு வந்தது. கை வலி இல்லாதவர்களும் வாங்கினார்கள். அந்தத் தோல் சீவி இன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

"நல்ல மனுஷன். பெண்டாட்டிக்காகச் செஞ்சிருக்கார்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க மாமா. பெட்ஸி அம்மா என்ன சொன்னாங்கன்னு 2018-லதான் பேப்பர்ல வந்தது. யோசனையே அவங்களோடதாம். ஆனா சரித்திரத்துல தன்னை மூட்டுவாதக்காரின்னுதான் ஞாபகம் வெச்சுப்பாங்க, யோசனை சொன்னவள்னு இல்லேன்னு வருத்தப்பட்டிருக்காங்க."

இதைச் சொல்லிக்கொண்டே எழுந்து போய், அம்மா கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கிப் பார்த்தான்.

எங்கள் வீட்டுத் தோசைத் திருப்பியின் பிடியில் ஒரு அழுக்கு வேட்டித் துணி சுற்றியிருக்கும். ரெண்டு வருஷமாக இருக்கிறது. விருந்தாளி வந்தால் என் மனைவி அதை மிக்ஸிக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். நானே ரெண்டு தடவை பிய்த்துப் போட்டிருக்கிறேன். மறுநாள் மறுபடி சுற்றியிருக்கும்.

"எதுக்குப் பாட்டி இந்தத் துணி?"

"விரல் மடங்க மாட்டேங்குதுடா. ஒல்லிப் பிடியைப் பிடிச்சா கழண்டு விழுது. முதல்ல சைக்கிள் டியூபை வெட்டிச் சொருகிப் பார்த்தேன். சூட்டுல நாத்தம் அடிச்சுது. அப்புறம் டவல். அது ரொம்பப் பருமன். கடைசியா தாத்தா வேட்டி."

"முன்பக்கம் மட்டும் ஏன் மேடா இருக்கு?"

"சுரண்டும்போது கை வழுக்கித் தோசைக்கல்லுல படக் கூடாது இல்ல? அதுக்கு நாலு சுத்து அதிகம்."

பையன் நோட்டில் வேகமாக எழுதினான். மொபைலில் படம் எடுத்தான். எனக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது.

"என்கிட்டே சொல்லவே இல்லையேம்மா?"

"நீ கேட்டியா?" என்று தோசையைத் திருப்பினாள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று படங்களை விரித்துக் காட்டினான். மரத்தில் ஒரு பிடி, முன்னால் மேடு, கழற்றித் துவைக்கத் துணி உறை. அழகாகத்தான் இருந்தது.

"சரி, கீழே யார் பேர் போடப் போறே?" என்றேன். அவன் பேனா நின்றது. தலையைச் சொறிந்தான். மார்க் போடுகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று முணுமுணுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, 'கான்செப்ட்' என்ற இடத்தில் பாட்டி பெயரை எழுதினான். 'வரைபடம்' என்று புதிதாக ஒரு வரி போட்டு, அதில் தன் பெயர்.

அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இனிஷியலை விட்டுட்டியேடா" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். தோசைத் திருப்பி அடுப்புக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற ஆணியில் தொங்கியது. துணி மட்டும் புதுசு. என் வேட்டி போலிருக்கிறது. கேட்கவில்லை.