அருவியா, பாவையா, இல்லை வாயில் நுழையாத வேறு ஏதாவதா?

கொல்லிமலையில் 14 நாடுகள் உண்டு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று ஊராட்சிகளுக்கே அங்கு அப்படித்தான் பெயர். அதில் ஏதோ ஒரு நாட்டில் ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டவர் கிடைக்கும் மேட்டில் நின்றுகொண்டு அப்பா செல்போனில் பெயர் தேடுகிறார். பெயர் க்யூட்டாக இருக்கவேண்டும், ஊரில் யாருக்கும் இருக்கக்கூடாது, ஜோசியர் கொடுத்த எழுத்தில் ஆரம்பிக்கவேண்டும். தேடித் தேடிக் கடைசியில் 'த்ரிஷ்ணவிகா' மாதிரி ஒன்று சிக்குகிறது. அர்த்தம் லட்சுமி என்று போட்டிருக்கிறது. (இந்தப் பட்டியல்களில் பாதிப் பெயர்களுக்கு அர்த்தம் லட்சுமி, மீதிக்குப் பார்வதி!) பாட்டி இரண்டு முறை சொல்லிப் பார்க்கிறார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. பேசாமல் 'பாப்பா' என்றே கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்.

இது அந்த மலைக்கு மட்டுமான கதை இல்லை. சேலத்திலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இதேதான். ஆனால் கொல்லிமலையில் நடக்கும்போது கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது. காரணம், வித்தியாசமான பெயருக்குப் பஞ்சமே இல்லாத இடம் அது.

முதலில் பாவை. சங்கப் பாடல்களிலேயே கொல்லிப்பாவை வந்துவிடுகிறாள். மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் செய்துவைத்த பெண் உருவம் என்று நற்றிணை சொல்கிறது. காற்று வீசினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் உருவம் குலையாதவள். பிற்காலக் கதைகளில் அவள் சிரித்து மயக்கி எதிரியைக் கொல்லவும் செய்கிறாள். 'பாவை என்றால் பொம்மைதானே, பெண்ணைப் பொம்மை என்பதா' என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லலாம். ஷோகேஸில் உட்கார்ந்திருக்கும் பொம்மை இல்லை இது. போதாததற்குக் கண்ணின் கருமணிக்கும் பாவை என்றுதான் பெயர். இரண்டே எழுத்து, இத்தனை சரக்கு.

அப்புறம் அருவி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. அது தவிர மாசிலா அருவி, நம்ம அருவி. ஒரு அருவிக்கு 'நம்ம அருவி' என்று பெயர் வைத்த மனிதர் யாரோ, அவரிடம்தான் குழந்தைக்கும் பெயர் கேட்கவேண்டும் :-) 2017இல் வந்த 'அருவி' படத்துக்குப் பிறகு அதை ஒரு பெண்ணின் பெயராகக் கேட்பது யாருக்கும் விநோதமாகவும் இல்லை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனால் அம்மன் பெயர் அறம்வளர்த்த நாயகி, தாயம்மை என்றும் சொல்வார்கள். விளைச்சலைப் பார்த்தால் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, செந்தினை. மரவள்ளி வந்து சாமையும் தினையும் போட்ட நிலத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு இந்தப் பெயர்களும் வாயிலிருந்து மறைந்துகொண்டிருக்கின்றன. ஒரு விதைக்குக்கூட அதன் நிறம், மணி, விளைச்சல் எல்லாம் பார்த்துப் பெயர் வைத்த கூட்டம், பெற்ற பெண்ணுக்குப் பெயர் வைக்க முன்பின் தெரியாத பட்டியலிடம் போய் நிற்கிறது.

ஜோசியர் கொடுக்கும் எழுத்து விஷயம் தனி காமெடி. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஒன்றாக நான்கு எழுத்துகள். ஆயில்யம் என்றால் டி, டு, டே, டோ. டகரத்தில் தமிழ்ச் சொல் எதுவும் ஆரம்பிக்காது என்பது இலக்கணம். திருவாதிரை மூன்றாம் பாதமோ 'ங'. அந்த எழுத்தில் பெண் பெயர் ஒன்று சொல்லுங்கள் பார்க்கலாம். தமிழுக்காகப் போட்ட கணக்கே இல்லை அது. நியூமராலஜி இன்னும் ஒரு படி மேலே. அதில் கூட்டுவதெல்லாம் ஆங்கில எழுத்துகளை. மலைமேல் பிறந்த குழந்தையின் அதிர்ஷ்டம் ஆங்கிலத்தில் ஒரு 'ஹெச்' கூடுதலா குறைவா என்பதில் வந்து நிற்கிறது. அந்த 'ஹெச்' பிற்பாடு என்ன பாடு படுத்தும் என்று கீழே பார்ப்போம்.

அதற்கு முன் இந்த க்யூட் சமாச்சாரம். குழந்தையைக் கொஞ்சுவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குத் தமிழ் வீடுகளில் ஏற்கெனவே தனி இடம் இருக்கிறது. அம்மு, பாப்பு, குட்டிம்மா, தங்கம், செல்லம். வங்காளிகள் இதை முறைப்படியே வைத்திருக்கிறார்கள். வீட்டில் கூப்பிட 'டாக் நாம்', ஊருக்கும் பள்ளிக்கும் 'பாலோ நாம்'. ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்' (2003) நாவலின் சிக்கலே இந்த இரண்டும் இடம் மாறிப் போவதுதான். கொஞ்சல் பெயரைக் கொண்டுபோய்ப் பிறப்புச் சான்றிதழில் ஏற்றுவதால் இங்கேயும் அதே குழப்பம்தான். தொட்டிலில் கிடப்பவளுக்குப் பொருந்தும் பெயர், 45 வயதில் வங்கி மேலாளர் நாற்காலியில் உட்காரும்போதும், 70 வயதில் பேரன் பேத்தி எடுத்தபோதும் அவளுக்குப் பொருந்தவேண்டாமா?

பேத்தி என்றதும் இன்னொன்று. பேரன் என்பது 'பெயரன்', பேத்தி என்பது 'பெயர்த்தி'. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குபவர்கள் என்று உறவுமுறைச் சொல்லிலேயே வைத்துவிட்டார்கள். அதற்காகப் பாட்டி பெயரை அப்படியே வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. குறைந்தபட்சம் பாட்டியால் கூப்பிட முடிகிற பெயராகவாவது இருக்கலாம்.

இப்போது அந்த 'ஹெச்'. பிறப்பைப் பதிந்த 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். சேர்த்த பிறகு 'பிடிக்கவில்லை, மாற்றிக்கொடுங்கள்' என்றால் அவ்வளவு எளிதில் நடக்காது. 2023 அக்டோபர் 1 முதல் திருத்தப்பட்ட சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்ட அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. கொல்லிமலையில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். படிப்புக்கும் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழ் இன்றி நகர முடியாது. ஆதாரில் ஒரு 'ஹெச்', சாதிச் சான்றிதழில் இரண்டு, மாற்றுச் சான்றிதழில் ஒன்றுமே இல்லை என்றால், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறி அலையப்போவது பெயர் வைத்தவர் இல்லை, அந்தப் பெண்தான். (நியாயமாகச் சொன்னால், ழகரம் உள்ள தமிழ்ப் பெயர்களுக்கும் ஆங்கிலத்தில் இதே தலைவலி உண்டு. யாழினிகளைக் கேட்டால் தெரியும்.)

தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டதிலிருந்து, பெயருக்குப் பின்னால் இருந்த வாலும் மெல்ல மெல்லப் போய்விட்டது. முன்னால் நிற்கும் எழுத்து பெரும்பாலும் அப்பாவுடையது, கல்யாணமானால் பலருக்குக் கணவருடையது. ஆக, முழுக்க அவளுடையது என்று சொல்ல மிஞ்சுவது அந்தப் பெயர் ஒன்றுதான். கணக்கியல் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வரும், கண்ணுக்குத் தெரியாத சொத்துகளில் ஒன்று. பெயரே பொருந்தாமல் போனால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதெல்லாம் சொன்னால் 'அப்போ பழைய பெயர்தான் நல்ல பெயரா' என்று சண்டைக்கு வருவார்கள். இல்லவே இல்லை. பழைய பெயர்களில் 'போதும்பொண்ணு' உண்டு. திருத்தணிப் பக்கத்தில் 'வேண்டாம்' என்றே பெண்களுக்குப் பெயர் வைத்த கிராமம் உண்டு. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, இந்தக் குழந்தையின் நெற்றியில் ஒட்டிய பெயர்கள். மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் 'நகுசா', அதாவது வேண்டாதவள், என்று பெயரிடப்பட்ட 200க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு 2011இல் விழா நடத்தி வேறு பெயர் சூட்டினார்கள். பெண் சிசுக்கொலை காரணமாக 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டதே சேலம் மாவட்டத்தில்தான். அன்றைக்கு நாமக்கல்லும் கொல்லிமலையும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. அப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரு அப்பா மேட்டில் நின்று மகளுக்காக அழகான பெயர் தேடுகிறார் என்பதே பெரிய மாற்றம். அதைக் கேலி செய்யக்கூடாது.

ஆனால் போதும்பொண்ணுக்கும் த்ரிஷ்ணவிகாவுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. இரண்டிலும் அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஒன்றில் பெற்றவர்களின் வருத்தம், மற்றதில் அவர்களின் பெருமை. நியூசிலாந்தில் 2008இல் ஒரு முழு வாக்கியத்தையே பெயராகச் சுமந்த 9 வயதுச் சிறுமி, தோழிகளிடம் அதைச் சொல்லாமலே மறைத்துவந்தாள். பெயரை மாற்ற நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

சங்க இலக்கியத்திலிருந்து எடுத்தாலும் எல்லாம் தேறிவிடாது. ஆதிமந்தி அருமையான பெயர்தான். ஆனால் மந்தி என்றால் பெண் குரங்கு என்று தெரிந்த அன்றைக்கு வகுப்பில் என்ன நடக்கும் என்பதை வகுப்பில் உட்கார்ந்த எல்லோரும் அறிவோம். அறம்வளர்த்த நாயகியும் விண்ணப்பப் படிவத்துக் கட்டங்களில் அடங்கமாட்டார். தாயம்மை, பாவம், குழந்தைக்கு ரொம்பப் பெரிய பெயர்.

மிஞ்சுவது பாவையும் அருவியும். பாவைக்குக் கதை கனமாக இருக்கிறது. ஆனால் மலையை விட்டு இறங்கிவிட்டால் அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் சொல்லியாகவேண்டும். அருவிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. மூன்றே எழுத்து, நடுவில் புள்ளி கிடையாது, வடமொழி எழுத்து கிடையாது, ஆங்கிலத்தில் எழுதினாலும் குழப்பம் இல்லை, பல் போன பாட்டியாலும் கூப்பிட முடியும். ஜோசியர் 'டோ' கொடுத்திருந்தால் வீட்டில் டோரா என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும். சான்றிதழில் அருவி என்று எழுதிவிடலாம்.