மூணு வயசுக் குழந்தை காலுக்கு எட்டு சக்கரம் எதுக்கு?

1/ ஓசூர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்ப ஒரு ஃப்ளெக்ஸ் கண்ணுல படுது. "ஸ்கேட்டிங் வகுப்பு, 3 வயது முதல்." பாகலூர் ரோட்டுல, மத்திகிரி பக்கம், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்புல. அந்த "3 வயது முதல்" என்பதற்கு எதிராத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். வீட்ல சின்னக் குழந்தை இருந்தா முழுசா படிங்க.

2/ முதல்லயே சொல்லிடறேன், நான் ஸ்கேட்டிங்குக்கு எதிரி இல்ல. நாள் முழுக்க ஃபோனோட உக்காந்திருக்கிற குழந்தையை விட முட்டி சிராய்ச்சுக்கிட்டு வர்ற குழந்தையை எனக்குப் பிடிக்கும். என் சண்டை விளையாட்டோட இல்ல. அவசரத்தோட.

3/ ஏன் மூணு? நாலே முக்கால்னு ஏன் போடல? மூணு வயசுதான் ப்ரீ-கேஜி சேர்க்கும் வயசு, பெற்றோர் ஃபீஸ் கட்டப் பழகும் வயசு. அதைத் தாண்டி அந்த எண்ணுக்கு மருத்துவத்துல ஒரு அர்த்தமும் கிடையாது.

4/ உடம்பைப் பாப்போம். ஸ்கேட்டிங்னா ரெண்டு கால்ல நின்னு உருளுறதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. இல்லங்க. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு கால் தரையை விட்டுத் தூக்கணும், மொத்த உடம்பும் இன்னொரு கால்ல நிக்கணும். அதுவும் உருண்டுக்கிட்டே. சாதாரணத் தரையில, வெறுங்கால்ல, ஒத்தைக் கால்ல மூணு வயசுக் குழந்தை எவ்வளவு நேரம் நிக்கும்? ரெண்டு மூணு செகண்ட். நாலு வயசுல அஞ்சு செகண்ட் மாதிரி. அஞ்சு வயசைத் தொட்டாத்தான் பெரும்பாலான குழந்தைங்க பத்து செகண்டை எட்டுவாங்க. தரையிலேயே நிக்காத காலுக்கு சக்கரம் மாட்டினா என்ன ஆகும்னு சொல்ல டாக்டர் தேவையில்ல.

5/ இன்னொரு விஷயம் தலை. சின்னக் குழந்தைக்கு உடம்போட ஒப்பிட்டா தலை பெருசு, எடையும் ஜாஸ்தி. அதனால ஈர்ப்பு மையம் மேல இருக்கும். கொஞ்சம் சாஞ்சாலே கவிழும். விழும்போது கையை எப்ப ஊணணும், தலையை எப்படித் திருப்பணும்கிற அனிச்சை வேகமும் இன்னும் முழுசா வந்திருக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களை ஸ்கேட்போர்டுல ஏத்தவே வேணாம்னு சொன்னதுக்குக் காரணமா அடுக்கினது இதையெல்லாம்தான். அது பலகை, இது பூட்டுன்னு வாதம் பண்ணலாம். குழந்தை உடம்பு ஒண்ணுதானே?

6/ சரி, அஞ்சு வயசு முடிஞ்ச அன்னிக்குக் காலையில குழந்தை தயாராயிடுமா? அதுவும் இல்ல. வயசு ஒரு வேலி மட்டும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் போனதும் பாக்க வேண்டியது குழந்தையை. அதுக்கு ஸ்கேனும் வேணாம், ஸ்பெஷலிஸ்ட்டும் வேணாம். நம்ம தெருவே டெஸ்ட் பேப்பரை எழுதி வெச்சிருக்கு.

7/ நொண்டி ஆடத் தெரியுதா? பாண்டி ஆட்டத்துல ஒரு கால்ல குதிச்சு, கோட்டை மிதிக்காம, குனிஞ்சு சில்லை எடுத்து, திரும்பி வர முடியுதா? (நம்ம ஊர்ல கன்னட வீட்ல குண்டே பில்லேன்னு சொல்வாங்க, தெலுங்கு வீட்ல தொக்குடு பில்லன்னு சொல்வாங்க. ஒரே காம்பவுண்டுல மூணு பேரும் கேக்கும்.) ரெண்டு கால்லயும் மாத்தி மாத்தி இதைச் செய்யுற குழந்தைக்கு ஸ்கேட்டிங்குக்கு வேணுங்கிற சமநிலையில பாதிக்கு மேல வந்தாச்சு. காசு செலவில்லாத டெஸ்ட். தோத்தா மூணு மாசம் நொண்டி ஆட விடுங்க, அதுதான் அதுக்குச் சிறந்த பயிற்சியும்.

8/ அடுத்தது "ஸ்டேச்சூ". ஓடிட்டு இருக்கிற குழந்தையைப் பாத்து "ஸ்டேச்சூ"ன்னு கத்துங்க. அந்த இடத்துல நிக்குதா? சிரிச்சுக்கிட்டே இன்னும் நாலு அடி ஓடுதா? சொன்னா நிக்கிறதுங்கிறது கீழ்ப்படிதல் இல்ல, அது மூளையில வளர வேண்டிய ஒரு பிரேக். எதிர்ல வர்ற கார் எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம்னு கணக்குப் போடுற திறமை அதுக்கும் பின்னாடி வருஷக்கணக்குல மெதுவா வரும். ஷூவுல இருக்கிற பிரேக்கை பழக்க மாஸ்டர் இருக்காரு. இந்த பிரேக்கை ஃபீஸ் கட்டி வாங்க முடியாது.

9/ மூணாவது, யாரும் கேக்காத கேள்வி. குழந்தை கேட்டுச்சா? பக்கத்து ஃபிளாட் பையனைப் பாத்து, "எனக்கும் வேணும்"னு ரெண்டு மூணு வாரமா நச்சரிக்குதா? இல்ல, நீங்க ரீல்ஸ் பாத்து முடிவு பண்ணீங்களா? அழுதுகிட்டே கம்பியைப் பிடிச்சு நிக்கிற குழந்தையை "பழகிடும், பழகிடும்"னு தள்ளி விடுற கிளாஸை உடனே நிறுத்துங்க. பயந்த உடம்பு விறைச்சு நிக்கும். விறைச்ச உடம்பு மோசமா விழும்.

10/ எப்படி விழும்? கையை நீட்டி. எல்லாக் குழந்தையும் அப்படித்தான். மொத்த எடையும் உள்ளங்கை வழியா மணிக்கட்டுக்கு, அங்கிருந்து முழங்கைக்கு ஏறும். வளர்ற எலும்போட நுனியில வளர்ச்சித் தட்டுன்னு ஒரு மென்மையான பகுதி இருக்கு, எலும்பு நீளுறதே அங்கிருந்துதான். அடி அங்க பட்டு, சரியா கவனிக்காம விட்டா கை கோணலா வளரலாம். முழங்கைக்குக் கொஞ்சம் மேல உடையிற சூப்ராகாண்டைலார் முறிவு அதிகமா வர்றது அஞ்சுல இருந்து ஏழு வயசுல. கைக்குப் போற ரத்தக்குழாயும் நரம்பும் அந்த உடைஞ்ச முனைக்குப் பக்கத்துலயே ஓடுது. சாதாரண முறிவு இல்ல அது.

11/ தடுக்க முடியுமான்னா, நல்லாவே முடியும். 1996-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு. இன்லைன் ஸ்கேட்டிங்ல அடிபட்டு அமெரிக்க எமர்ஜென்சி வார்டுகளுக்கு வந்தவங்களை வெச்சு செஞ்சது. மணிக்கட்டு கார்டு போடாதவங்களுக்கு மணிக்கட்டு அடிபடுற வாய்ப்பு, போட்டவங்களை விட சுமார் 10 மடங்கு. முழங்கை பேட் போடாதவங்களுக்கு முழங்கைக்கு 9 மடங்குக்கும் மேல. அடிபட்டு வந்தவங்கள்ல எல்லாப் பாதுகாப்பும் போட்டிருந்தவங்க 7 சதவீதம்தான். முப்பது வருஷம் ஆகப் போகுது. இன்னும் நம்ம ஊர் செட்ல ஹெல்மெட்டும் முட்டி பேடும் குடுத்துட்டு, மணிக்கட்டு கார்டை "ஆப்ஷனல்"னு சொல்றாங்க.

12/ இங்க சிப்காட் அப்பாக்களைப் பாத்து ஒரு கேள்வி. சேஃப்டி ஷூ இல்லாம உங்களை ஷாப் ஃப்ளோருக்குள்ள விடுவாங்களா? பிரஸ் ஷாப்ல ரெண்டு கையையும் ரெண்டு பட்டன்ல வெச்சாத்தானே மெஷின் இறங்கும்? "பதினஞ்சு வருஷ சர்வீஸ் சார், எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா சூப்பர்வைசர் விட்டுடுவாரா? ஒரு விபத்து நடக்காம தப்பிச்சாக் கூட "நியர் மிஸ்"னு எழுதி வைக்கிற ஊருங்க இது. அதே ஆளு ஞாயித்துக்கிழமை காலையில, குழந்தைக்கு மணிக்கட்டு கார்டு மாட்டாம, "இன்னிக்கு ஒரு நாள்தானே"ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

13/ இடத்தைப் பத்தியும் பேசணும். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் பார்க்கிங்ல கிளாஸ். ஒரு பக்கம் ரேம்ப், தூணுக்குப் பின்னாடி இருந்து கார் ரிவர்ஸ் வருது. தரைத்தளத்துல பளபளன்னு கிரானைட். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு கிரானைட் பெருமைதான், ஆனா பாலிஷ் போட்ட கல்லுல ரெண்டு சொட்டுத் தண்ணி இருந்தா பெரியவங்களே வழுக்கி விழறோம். பூங்காவுல பேவர் பிளாக், இடுக்குல சின்ன சக்கரம் மாட்டும். லே-அவுட் ரோட்டுல ஜல்லி. சீரான, சரிவில்லாத, வண்டி வராத சிமெண்ட் தளம்தான் வேணும். ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு போதும். 2019-ல மாநகராட்சி ஆன ஊரு இது. வார்டுக்கு ஒரு அப்படித் தளம் கேக்குறது பேராசை இல்ல. கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது கேளுங்க.

14/ சர்வீஸ் ரோட்டுல பழக விடுறவங்களுக்குத் தனியா. தேசிய நெடுஞ்சாலை 44 ஓரத்துல, டிப்பரும் கன்டெய்னரும் ஷிஃப்ட் பஸ்ஸும் போற ரோட்டுல, விடியக்காலையில குழந்தைங்களை வரிசையா விடுறீங்க. "அந்த நேரத்துல டிராஃபிக் இருக்காது டாக்டர்". நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூக்கக் கலக்கத்தோட வீட்டுக்கு வண்டி ஓட்டுறவங்க இருக்கிற நேரமே அதுதாங்க! "சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு ஸ்கேட்டிங் பேரணி"ன்னு குழந்தைங்களை மெயின் ரோட்டுல இறக்கி ஃபோட்டோ எடுக்கிறதுல இருக்கிற முரண் யாருக்கும் உறைக்கலையா?

15/ சாதனைப் பைத்தியம். கார்களுக்கு அடியில காலை விரிச்சு, முகம் தரையை ஒட்டிப் போற லிம்போ ஸ்கேட்டிங். 2014-ல பெங்களூரு ஆறு வயசுப் பையன் 39 காருக்கு அடியில போனதா உலகம் முழுக்க செய்தி வந்துச்சு. அந்தப் பையன் திறமையை நான் குறை சொல்லல. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி அந்த ஆசை இங்க வந்து, நாலு வயசுக் குழந்தை இடுப்பை அழுத்தி அழுத்தி விரிக்கிறதா மாறும்போதுதான் பிரச்சினை. வலிக்குதுன்னு அழுற குழந்தையை அழுத்துறது பயிற்சி இல்ல. சர்டிஃபிகேட் சுவத்துல தொங்கும். இடுப்பு அந்தக் குழந்தைக்கு ஆயுசுக்கும் வேணும்.

16/ "சின்ன வயசுலயே ஆரம்பிச்சாத்தான் மெடல்"னு வர்ற பதில் தெரியும். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல 3000 மீட்டர் ரிலேல நம்ம ஆண்கள், பெண்கள் ரெண்டு அணியும் வெண்கலம் வாங்கினாங்க. 2025-ல சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் சீனாவுல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல 1000 மீட்டர் தங்கம் அடிச்சாரு. பெருமையா இருக்கு. அப்ப அவருக்கு வயசு 22. இருபத்திரெண்டுல வர்ற தங்கத்துக்கு, மூணுல ஆரம்பிக்காம அஞ்சரையில ஆரம்பிச்சா என்ன குறைஞ்சிடும்? ஆனா மூணு வயசுல பயந்து போய், இனிமே அந்த ஷூவைத் தொடவே மாட்டேன்னு சொல்ற குழந்தைக்கு மெடலும் இல்ல, விளையாட்டும் இல்ல.

17/ எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு, கை கால் போனா யாரு பாக்குறது"ன்னு ஒன்பது வயசுப் பொண்ணைத் தடுக்கிற பாட்டிகளே, மேல சொன்ன பெண்கள் வெண்கலத்துல ஆரத்தி கஸ்தூரி ராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன்னு ரெண்டு பேர் இருக்காங்க. பேரனுக்கு ஷூ வாங்கினா பேத்திக்கும் வாங்குங்க.

18/ ரெண்டு பேரும் ஷிஃப்ட்டுக்குப் போற வீட்ல, ஸ்கேட்டிங் கிளாஸ்தான் சாயங்காலம் ஒரு மணி நேரம் குழந்தையைப் பாத்துக்கிற இடம்னு எனக்குத் தெரியும். அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். அப்படின்னா மூணு வயசுக் குழந்தையை அங்க ஓட விடுங்க, பந்து உருட்ட விடுங்க, நொண்டி ஆட விடுங்க. சக்கரம் மட்டும் வேணாம். இதைச் செய்யத் தயாரா இருக்கிற மாஸ்டர் நல்ல மாஸ்டர்.

19/ ஷூ வாங்கும்போது "ரெண்டு சைஸ் பெருசா வாங்கினா மூணு வருஷம் வரும்"ங்கிற கணக்கு ஸ்கூல் ஷூவுக்கே தப்பு, இங்க ஆபத்து. கணுக்கால் உள்ள ஆடும். அளவு மாத்துற மாடல் கிடைக்குது, அதை வாங்குங்க. சைக்கிள் ஹெல்மெட் போதும், தாடைப் பட்டை மாட்டியிருக்கணும். முதல் சில நாள் புல்தரையில, விழுந்து எழ மட்டும் கத்துக் கொடுக்கணும்: முட்டியை மடக்கி, முன்னாடி சாஞ்சு, பேட் மேல விழ.

20/ விழுந்து கை வீங்கிடுச்சுன்னா: உருவி விடாதீங்க, எண்ணெய் போடாதீங்க. ஒரு அட்டையோ மடிச்ச நியூஸ்பேப்பரோ வெச்சு, இருக்கிற நிலையிலேயே அசையாமக் கட்டி, உடனே ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்துல இருக்கிற எலும்பு டாக்டர்கிட்டயோ போங்க. மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால வழியில எதுவும் சாப்பிடக் கொடுக்காதீங்க. விரல் வெளுத்து, ஜில்லுன்னு ஆகி, அசைக்க முடியலன்னா ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. தயவுசெஞ்சு புத்தூர் கட்டுக்கு கார் எடுக்காதீங்க. வீங்கின முழங்கை மேல இறுக்கமான கட்டு விழுந்தா ரத்த ஓட்டம் நின்னு, சதை செத்து, கை நிரந்தரமா மடங்கிப் போகலாம். 1881-லயே வோல்க்மேன்னு ஒரு ஜெர்மன் சர்ஜன் எழுதி வெச்சது.

21/ கமெண்ட்ல "எங்க கிளாஸ் நல்ல கிளாஸ்தானா டாக்டர்"னு கேக்கப் போறீங்க. நேர்ல போய் அரை மணி நேரம் நின்னு பாருங்க. ஒரு மாஸ்டருக்கு எத்தனை குழந்தைங்க, வண்டி வருதா, அழுற குழந்தையை என்ன பண்றாங்க. அப்புறம் "மணிக்கட்டு கார்டு கட்டாயமா?"ன்னு கேளுங்க. "அதெல்லாம் பழகிட்டா தேவைப்படாது மேடம்"னு பதில் வந்தா, ஃபீஸ் கட்டாம வீட்டுக்கு வந்துடுங்க.